அறுபது மில்லிக்குக் கீழே

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் இரண்டு கண்களும் திறக்க முடியாத அளவுக்கு வீங்கியிருந்தன. நெற்றி விளிம்பிலும் காதோரத்திலும் கொப்புளங்கள். முந்தைய நாள்தான் தலைக்குச் சாயம் போட்டிருந்தார். அம்மா சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விருத்தாசலத்தில் மாமா பேத்திக்குக் காதுகுத்து. வெளுத்த தலையோடு போய் நின்றால், "என்னக்கா, இப்படி ஆயிட்டீங்க?" என்று நாலு பேர் கேட்பார்கள் என்பது அவருடைய கவலை.

தெருமுனைக் கடையில் சரமாகத் தொங்கிய பாக்கெட்டுகளில் ஒன்றைக் கிழித்து வாங்கி வந்திருக்கிறார். இருபது கிராம்கூட இருக்காது. அதன் முகப்பில் மருதாணி இலை, நெல்லிக்காய், செம்பருத்திப் பூ. 'ஹெர்பல்' என்று ஆங்கிலத்தில் பெரிதாகவும், இயற்கை மூலிகைகள் அடங்கியது என்று தமிழில் சிறிதாகவும் அச்சிட்டிருந்தார்கள்.

"அந்த டையில என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் மருத்துவர்.

"மருதாணிதான் டாக்டர், கெமிக்கல் இல்ல" என்றார் அம்மா.

"மருதாணி இவ்வளவு கருப்பா பிடிக்காதும்மா. செம்பட்டையாத்தான் பிடிக்கும்."

நான் வீட்டுக்குத் திரும்பி, குப்பைக்கூடையிலிருந்து அந்தப் பாக்கெட்டை எடுத்து வந்தேன். முன்பக்கம் செடிகள். பின்பக்கம் கலக்கும் முறை, விலை, தேதி. மடிப்புக்குள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எறும்பு போன்ற எழுத்தில் ஓர் எச்சரிக்கை. உள்ளே என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்ற பட்டியல் எந்தப் பக்கத்திலும் இல்லை. மருத்துவர் அனுபவத்தில் ஊகித்து, பாரா ஃபினைலீன் டையமின் என்று சீட்டில் எழுதினார். கருப்புச் சாயங்களில் பரவலாகச் சேர்க்கப்படும் பொருள் அது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும். அப்படிப்பட்ட சாயங்களின் மேல், முதலில் தோலில் சிறிது தடவிச் சோதித்துப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்று நம் நாட்டு விதியே சொல்கிறது. அம்மாவுக்குத் தெரிந்த ஒரே மொழி தமிழ். அந்த மொழியில் அவரிடம் சொல்லப்பட்டது 'இயற்கை' என்பது மட்டும்தான்.

பட்டியல் ஏன் இல்லை என்று தேடிப் போனபோதுதான் இந்தக் கட்டுரைக்கான காரணம் கிடைத்தது. அழகுப் பொருள்களின் மேலுறையில் உட்பொருள்களை எழுத வேண்டும் என்பது விதி. கூடவே அதற்கு ஒரு விலக்கும் உண்டு. திரவமாக இருந்தால் 60 மில்லிக்கும், திடப்பொருளாகவோ களிம்பாகவோ இருந்தால் 30 கிராமுக்கும் குறைவான பாக்கெட்டுகளில் அந்தப் பட்டியல் வேண்டியதில்லை. சின்ன உறையில் இடம் இல்லை என்பது இதற்குச் சொல்லக்கூடிய நியாயம். ஆனால் சின்ன உறையை வாங்குவது யார்? மாதச் சம்பளத்தில் பெரிய பாட்டில் வாங்குகிறவள் படிப்பதற்குப் பட்டியல் உண்டு. அன்றாடம் கூலி வாங்கி, அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்குகிறவளுக்கு இல்லை. செடியின் படத்துக்கு மட்டும் இரண்டு உறைகளிலும் இடம் இருக்கிறது.

*

அம்மாவின் பாக்கெட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நகரத்தின் பெரிய கடைக்குப் போனேன். இப்போது எல்லா டிபார்ட்மென்டல் ஸ்டோரிலும் சோப்பு, ஷாம்பு வரிசைக்குள்ளேயே 'இயற்கை'க்கென்று தனி அடுக்கு இருக்கிறது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு இந்தப் பொருள்களுக்காகக் காதி கடைக்கோ நாட்டு மருந்துக் கடைக்கோ போக வேண்டியிருந்தது. இப்போது அவை பிஸ்கட்டுக்கும் பினாயிலுக்கும் நடுவில் வந்துவிட்டன. அந்த அடுக்கை ஒரு பிரதியைப் போல வாசித்துப் பார்க்கலாம்.

முதலில் கண்ணில் படுவது 'இல்லை' என்ற சொல். சல்ஃபேட் இல்லை, பாரபென் இல்லை, சிலிகோன் இல்லை. உள்ளே இருப்பதைப் பின்பக்கம் பொடி எழுத்திலும், உள்ளே இல்லாததை முன்பக்கம் கொட்டை எழுத்திலும் போடுவது இந்த அடுக்கின் இலக்கணம். அதற்கு முன்பு அந்தப் பெயர்களையே கேள்விப்பட்டிராத ஒரு பெண் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டு வெளியே வருகிறாள். இதுவரை வாங்கியதெல்லாம் நஞ்சு, இனிமேல் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் தப்பிக்கலாம்.

பின்பக்கத்தைப் படிக்க ஒரு சின்ன வழி உண்டு. மாணவிகள் இதைப் பழகிக்கொள்ளலாம். ஒரு விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் பொருள்களை அளவின்படி இறங்கு வரிசையில் எழுத வேண்டும். ஒரு விழுக்காடும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றை அதன் பிறகு எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்று ஒரு பொருள் பல பாட்டில்களில் இருக்கும். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. அதை ஒரு விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது ஐரோப்பிய வரம்பு, பெரும்பாலும் எங்கும் பின்பற்றுவது. ஆக, பட்டியலில் செம்பருத்திச் சாறோ கற்றாழைச் சாறோ ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் வந்தால், அது அனேகமாக ஒரு விழுக்காட்டைத் தாண்டாது. நான் எடுத்துப் பார்த்த பாட்டில்களில், படத்தில் முதலில் இருந்த பூ பட்டியலில் கடைசியில் இருந்தது. முதலில் இருந்தது தண்ணீர்.

தண்ணீரும் இயற்கைதானே என்று யாராவது கேட்டால் சிரிக்க வேண்டாம். அழகுப் பொருள்களில் இயற்கைப் பங்கைக் கணக்கிடுவதற்கென்று ஐஎஸ்ஓ 16128 என்ற பன்னாட்டு வழிகாட்டி 2016, 2017 ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வந்தது. அதன்படி, சேர்க்கும் தண்ணீரையும் இயற்கைப் பொருளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், எடுக்காமலும் விடலாம். ஷாம்புவில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் எந்தக் கணக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை. நம் அழகுப் பொருள் விதிகளிலோ 'இயற்கை' என்ற சொல்லுக்கு வரையறை கிடையாது.

இன்னொரு பக்கம், இந்த அடுக்கு எதிரியாகக் காட்டும் சல்ஃபேட்டின் பூர்வீகத்தைப் பார்க்கலாம். ஷாம்புவில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரெத் சல்ஃபேட்டுக்குத் தேவையான கொழுப்பு ஆல்கஹால் பெரும்பாலும் பனைக்கொட்டை எண்ணெயிலிருந்தோ தேங்காய் எண்ணெயிலிருந்தோதான் எடுக்கப்படுகிறது. பிறகு தொழிற்சாலையில் வேறு ரசாயனங்களோடு சேர்ந்து உருமாறுகிறது. இது இயற்கையா, செயற்கையா? கேள்வியே தவறு. ஆமணக்கு விதையின் நஞ்சும், எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் வரும் புண்ணும் இயற்கைதான். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாருக்கு ஆகாது என்ற மூன்று கேள்விகள்தான் ஒரு பெண்ணின் தோலுக்கு முக்கியம். 'இயற்கை' என்ற ஒற்றைச் சொல் அந்த மூன்றையும் கேட்கவிடாமல் செய்கிறது. என் அம்மா "கெமிக்கல் இல்ல" என்று மருத்துவரிடம் சொன்னது அறியாமையால் அல்ல. அந்தச் சொல்லை நம்பியதால்.

*

இந்த அடுக்கின் விளம்பரங்களில் தவறாமல் ஒரு பாட்டி வருவார். முற்றம் வைத்த வீடு, பித்தளைச் சொம்பு, கல் உரல், இடுப்பு வரை தொங்கும் பேத்தியின் கூந்தல். பாட்டி வைத்தியத்துக்குத் திரும்புவோம் என்பார்கள். யாருடைய பாட்டி?

என் ஆயா களையெடுக்கப் போனவர். வயல் வேலை முடிந்து ஏரிக்கரையில் கரம்பை மண்ணைக் குழைத்துத் தலையில் தேய்த்துக் குளிப்பார். சீயக்காய் என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்குள் வருகிற பொருள். நல்லெண்ணெயைக் குழம்புக்கே அளந்து ஊற்ற வேண்டிய வீட்டில் வாராவாரம் தலைக்கு எங்கே ஊற்றுவது? அவருடைய முடி நீளமாக இருந்ததில்லை. இருந்திருந்தாலும் அதைப் பார்த்துப் பராமரிக்க அவருக்குப் பொழுது இருந்ததில்லை. விளம்பரத்தில் வருகிற பாட்டிக்குச் சாதி உண்டு, நிலம் உண்டு, அரைத்துக் கொடுக்க ஆளும் உண்டு. அந்த ஆள் படத்தில் வருவதில்லை.

வசதியிருந்த வீடுகளிலும் அந்த 'இயற்கை' தானாக வந்துவிடவில்லை. சீயக்காயைக் காய வைக்க வேண்டும். வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, எலுமிச்சைத் தோல், செம்பருத்தி இலை என்று சேர்த்து மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமை ஆண்களுக்கு, வெள்ளிக்கிழமை பெண்களுக்கு என்று விறகு வைத்து வெந்நீர் போட வேண்டும். ஆண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும், பிசுக்கு ஏறிய துண்டுகளைத் துவைக்க வேண்டும். கொங்குப் பக்கம் உசிலை இலையைக் காய வைத்து அரப்புத்தூள் இடிப்பார்கள். இடிக்கும்போது கண் எரியும், தும்மல் அடங்காது என்று அதைச் செய்தவர்கள் சொல்வார்கள். அழகுக் குறிப்பு என்று நாம் படிப்பதெல்லாம் உண்மையில் வேலைப் பட்டியல்.

அதனால்தான் ஷாம்பு பாக்கெட்டைச் சபிக்கிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. அந்தப் பாக்கெட் எங்கள் மாவட்டத்தோடு தொடர்புடையது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பணக்காரர்கள் மட்டும் வாங்கும் பொருள்களைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தால் கூலியாளும் வாங்குவார் என்று யோசித்தவர். அவருடைய பிள்ளைகள் அந்த யோசனையைத் தொழிலாக வளர்த்தார்கள். அவர்களில் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பு, தந்தையின் பெயரிலிருந்து பெயர் பெற்று, கிராமங்களுக்குள் போனது. ஒரு ரூபாய்க்கும் பிறகு 50 காசுக்கும் விற்றது. அம்மா இன்றைக்கும் சொல்வார்: "அந்தப் பாக்கெட் வந்த பெறகுதான் வேலைக்குப் போற நாள்லயும் தலை குளிக்க முடிஞ்சுது." நுரையும் வாசனையும் ஒரு சாதிக்கும் ஒரு வர்க்கத்துக்கும் மட்டும் சொந்தமில்லை என்று ஆக்கியதில் அந்த 50 காசுக்குப் பங்கு உண்டு.

ஆகவே நான் சொல்வது சீயக்காய்க்குத் திரும்புங்கள் என்பதல்ல. பெண்களின் நேரத்தை மீட்டுத் தந்த அதே பாக்கெட்டில்தான் பெண்களுக்குத் தெரிய வேண்டியது மறைக்கப்படுகிறது என்பதைத்தான் சொல்கிறேன். வாங்கும் சக்தியை அவளுக்குக் கொடுத்த சந்தை, அறியும் உரிமையை 60 மில்லிக்கு மேல் வைத்துவிட்டது.

*

பெண்களின் கைகளில் இருந்த அறிவுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு மஞ்சளின் கதை ஒன்று போதும். 1995-இல் அமெரிக்காவில், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. நம் நாட்டின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு அதை எதிர்த்தது. 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. நியாயமான வெற்றி. ஆனால் எதை வைத்து வென்றார்கள் என்று பாருங்கள். பழைய சமஸ்கிருத நூலையும், 1953-இல் ஓர் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் சான்றாகக் காட்டித்தான் வென்றார்கள். பிள்ளையின் சிராய்ப்பில் மஞ்சளைப் பற்றுப் போட்ட கோடிக்கணக்கான பெண்களின் கை சான்றாகாது. எழுதி வைத்தவரின் அறிவுதான் அறிவு. எழுத்து யாருக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதை இந்தத் தொகுப்பின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதே மஞ்சள் உள்நாட்டில் வரி வழக்காகவும் ஆனது. விக்கோ நிறுவனத்தின் மஞ்சள் கிரீம் அழகுப் பொருளா, ஆயுர்வேத மருந்தா என்று கலால் துறைக்கும் நிறுவனத்துக்கும் பல வருடங்கள் வழக்கு நடந்தது. மருந்து என்றால் வரி குறைவு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், நிறுவனம் வென்றது. முகத்தில் பூசும் கிரீம் ஒன்று அழகுப் பொருளா, மருந்தா என்பதை எந்தத் தலைப்பில் வரி விதிப்பது என்ற கேள்விதான் தீர்மானித்தது. 2015-இல் இந்துஸ்தான் யூனிலீவர் கேரளத்தின் இந்துலேகா கூந்தல் எண்ணெய் வணிகத்தை 330 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. கையாந்தகரையும் தேங்காய் எண்ணெயும் காய்ச்சும் முறை எத்தனையோ வீடுகளில் பெண்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டில் செய்யும்போது அது கடமை. பாட்டிலில் அடைத்துப் பெயர் வைத்தால் 330 கோடி. விற்றவர்களும் வாங்கியவர்களும் செய்தது சட்டப்படியான வணிகம். ஒரே வேலை வீட்டுக்குள் இருக்கும்போது ஏன் விலையற்றுப் போகிறது என்பது நம்முடைய கேள்வி.

இலைக்கும் காய்க்கும் பின்னால் இருக்கும் மற்றொரு பெண்ணையும் அந்த அடுக்கில் தேடினேன். சீயக்காய் காட்டில் முள்கொடியில் காய்ப்பது. பூந்திக்கொட்டையும் நெல்லியும் மலைக்காடுகளில் பொறுக்கப்படுபவை. சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலை போன்ற இடங்களில் சோளகர் போன்ற பழங்குடிகள் இவற்றைச் சேகரிக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருள்களின் மீதான உரிமையும் விற்கும் உரிமையும் காட்டில் வாழ்கிறவர்களுக்கே என்றது. கொடி ஏறுவது, பொறுக்குவது, காய வைப்பது, கொட்டை நீக்குவது, தலைச்சுமையாக இறக்குவது என்று இந்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. பாட்டிலின் மேல் சீயக்காயின் படம் இருக்கிறது. அதைப் பறித்தவளுக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை எழுதச் சொல்லும் விதி எதுவும் இல்லை.

இதைவிடக் கொடுமையானது பளபளப்பு. 'இயற்கைக் கனிமம்' என்று விற்கும் பொட்டுப்பொடியிலும் உதட்டுச் சாயத்திலும் மின்னுவது மைக்கா. ஜார்கண்டின் கோடர்மா, கிரிடி மாவட்டங்களில் கைவிடப்பட்ட சுரங்கங்களின் பொந்துகளில் பெண்களும் குழந்தைகளும் மைக்காச் சில்லுகளைப் பொறுக்குகிறார்கள். 2016-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, இத்தகைய சுரங்கங்களில் இரண்டே மாதங்களில் ஏழு குழந்தைகள் இறந்ததை வெளிக்கொண்டு வந்தது. பல மரணங்கள் வெளியே சொல்லாமல் மூடப்பட்டதையும் எழுதியது. மைக்கா மண்ணிலிருந்து வருகிறது, ரசாயனக் கலப்படம் இல்லாதது, நூறு விழுக்காடு இயற்கை. அந்தச் சொல் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

*

இவ்வளவுக்கும் பிறகு, இந்த அடுக்கு நம்மிடம் என்ன ஆகச் சொல்கிறது? பொருள் மாறியிருக்கிறது. கட்டளை மாறியிருக்கிறதா?

1975-இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, கருத்த பெண்ணுக்கு வேலையும் மாப்பிள்ளையும் கிடைக்காது என்ற கதையைத் தலைமுறைகளாகச் சொன்னது. இடையில் அதற்கு ஓர் ஆயுர்வேத வகையும் வந்தது. கருப்பை வெளுக்கும் அதே வேலைக்குக் குங்குமப்பூவும் மூலிகையும் துணைக்கு வந்தன. சென்னையில் கவிதா இம்மானுவேலின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-இல் கருப்பும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2013-இல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். 2020-இல் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் உலகமெங்கும் எதிரொலித்தபோது, கிரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கி 'குளோ' வந்தது. இப்போது இயற்கை அடுக்கு முழுவதும் 'ஒளிர்வு'தான். கஸ்தூரி மஞ்சள் ஒளிர்வு, குங்குமாதி ஒளிர்வு, அரிசித் தண்ணீர் ஒளிர்வு. அட்டையில் ஒளிரும் முகங்களில் என் ஆயாவின் நிறத்தில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

ஒளிர்வு என்ற சொல்லில் புதிய சுமை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. பழைய கிரீமைப் பூசியவள் பூசுகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். இயற்கை அழகு என்பதோ பூசியது தெரியாமல் இருக்க வேண்டும். ஐந்து பாட்டில் வாங்க வேண்டும், ஒன்றும் வாங்காதவளைப் போலவும் இருக்க வேண்டும். முகப்பரு வந்தால் மனம் அமைதியாக இல்லை, சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று பழி அவள் மேலேயே விழும். முன்பு முகத்தில் தேடிய குறையை இப்போது அவளுடைய வாழ்க்கை முறையிலும் தேடுகிறார்கள்.

தலைச்சாய அடுக்கில் நின்றபோது இது எனக்கு முழுதாக உறைத்தது. சாயங்களுக்கு நிறப்பெயர்கள் உண்டு. பழுப்பு, செம்பழுப்பு, பிறகு எல்லா நிறுவனங்களிலும் அநேகமாக ஒன்று: 'நேச்சுரல் பிளாக்', அதாவது இயற்கைக் கருப்பு. அறுபத்து மூன்று வயதுப் பெண்ணின் தலையில் இயற்கையாக இருக்கும் நிறம் வெள்ளை. அந்த இயற்கையை மறைத்துப் பூசுவதன் பெயர் இயற்கை. அதே காதுகுத்தில் அம்மாவைவிட மூத்த மாமா வெளுத்த தலையோடு பந்தலில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் என்ன மாமா இப்படி ஆயிட்டீங்க என்று கேட்டிருக்க மாட்டார்கள். நரை அவருக்குப் பெரியமனிதத்தனம். அம்மாவுக்கு அஜாக்கிரதை.

*

இந்தச் சிக்கலுக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, விழிப்புணர்வுள்ள நுகர்வோராக இருங்கள் என்பது. லேபிளைப் படியுங்கள், செயலியில் ஸ்கேன் செய்யுங்கள், வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள். மூன்றும் பெண்ணுக்குக் கூடுதல் வேலை. அதிலும் லேபிளே இல்லாதவளிடம் லேபிளைப் படி என்பது கேலி.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் பூச்சு விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 'இயற்கை', 'ஆர்கானிக்' போன்ற பொதுச் சொற்களைத் தக்க விளக்கமும் சான்றும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அந்த விவரங்களை கியூஆர் குறியீடு வழியாகவும் தரலாம். ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கத்துக்குப் போகும் குறியீட்டால் என் அம்மாவுக்கு என்ன பயன்? அவருடைய கைப்பேசி பேசுவதற்கு மட்டும்தான்.

நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. 60 மில்லி, 30 கிராம் விலக்கு நீக்கப்பட வேண்டும். இடம் இல்லையென்றால் செடியின் படத்தைச் சின்னதாக்கட்டும். குறைந்தபட்சம், ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களின் பெயர்களாவது ஒரு ரூபாய்ப் பாக்கெட்டிலும் தமிழில் இருக்க வேண்டும். சாயத்தின் எச்சரிக்கை மடிப்புக்குள் இல்லாமல் முகப்பில் இருக்க வேண்டும். முகப்பில் ஒரு பூவின் படத்தைப் போடுகிறவர், அது உள்ளே எத்தனை விழுக்காடு என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். அந்தப் பூவையும் காயையும் சேகரித்தவளுக்கு என்ன விலை கிடைத்தது என்பதையும் சொல்ல வைக்க வேண்டும். இதெல்லாம் அழகைப் பற்றிய கோரிக்கைகள் அல்ல, தொழிலாளியாகவும் வாங்குகிறவளாகவும் ஒரு பெண்ணுக்கு உரியவை. பெண்ணிய இயக்கங்கள் விளம்பரப் படங்களை எதிர்த்துப் பேசிய அளவுக்கு மேலுறை விதிகளைப் பற்றிப் பேசியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உடல் நம் உரிமை என்றால், அந்த உடலின் மேல் பூசுவது என்னவென்று தெரிந்துகொள்வதும் அந்த உரிமையில் சேரும்.

அம்மாவுக்கு வீக்கம் வடிய பத்து நாளானது. காதுகுத்துக்குப் போகவில்லை. அதன் பிறகு சாயமும் போடவில்லை. தலை இப்போது முழு வெள்ளை. விசேஷங்களில் கேட்கிறவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். "வயசாயிடுச்சு, அதான்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அதே கடையிலிருந்து அதே மாதிரி ஒரு பாக்கெட்டை வாங்கி வந்தாள். ஜவுளிக் கடையில் விற்பனையாளர் வேலை. நரை தெரிந்தால் மேலாளர் முன்வரிசையில் நிற்க விடுவதில்லை என்றாள். அம்மா அந்தப் பாக்கெட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பினார். மடிப்பைப் பிரித்துப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்குன்னு எங்கயும் போடலியேடி" என்றார்.

"மூலிகைதான்க்கா. படம் போட்டிருக்கு பாருங்க."

அம்மா பாக்கெட்டைத் திருப்பித் தரவில்லை. அவளை உட்கார வைத்து, காதுக்குப் பின்னால் சிறிது தடவிவிட்டு, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். நாளைக்கே வேலைக்குப் போக வேண்டுமே என்றாள் அவள்.